புதுப்பிப்பு: கறுத்த நகமும் புது ஷூவும்

ஆறு வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தேன்: இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறேன், கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது, எந்த ஷூ வாங்கலாம் என்று. "மாடலை விடுங்க தம்பி, முதல்ல அளவைப் பாருங்க" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அவருக்குப் பெரிய நன்றி.

சொன்னபடியே, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில், ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு கடைக்குப் போனேன். நின்றபடி அளந்தால் வலது கால் இடதைவிடச் சற்று நீளம்! இத்தனை வருஷம் தெரியவே தெரியாது. பெரிய காலுக்குப் பார்த்து 8-க்குப் பதில் 9 எடுத்தேன். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறது, குதிகாலும் நழுவவில்லை. கடைக்குள்ளேயே நாலு முறை ஓடிப் பார்த்தேன்.

ஓடும்போது பாதம் உள்பக்கம் சாய்கிறதா, அதற்கேற்ற ஷூ எது என்ற ஆராய்ச்சியை விட்டுவிட்டேன். போட்டதும் எது இதமாக இருந்ததோ, அதுதான்.

கோவை ரேஸ் கோர்ஸில் இதுவரை 60 கிலோமீட்டர் ஆயிற்று. கறுத்த நகத்தின் அடியில் வெள்ளையாகப் புது நகம் தெரிகிறது. அப்புறம், பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் ஷூவை மாற்றச் சொல்கிறார்கள் இல்லையா? ஷூ நாக்கின் உள்பக்கம் வாங்கிய தேதியைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.