முதல் பிரசவம் இன்னும் பயமுறுத்துகிறது. இரண்டாவதுக்கு எப்படித் துணிந்தீர்கள்?

கோபியிலிருந்து:

எனக்கு 29 வயது. மகளுக்கு வரும் ஆவணியோடு 4 முடிகிறது. ஒரம்பரை வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும், பந்தியில் இலை போடுவதற்குள் யாராவது ஒரு பெரியம்மா "ஏன் அம்முணி, புள்ளைக்கு ஒரு தொணை வேண்டாமா?" என்று கேட்டுவிடுகிறார். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆசையாகத்தான் கேட்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. ஆனால் மாதவிலக்கு 2 நாள் தள்ளிப்போனாலே கை நடுங்க ஆரம்பித்துவிடுகிறது.

முதல் தடவை நடந்ததைச் சொல்கிறேன். கட்டுச்சோறு விருந்து (எங்கள் பக்கத்து வளைகாப்பு) முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த வாரம் கால் வீங்கியது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் விருந்தில் போட்ட கண்ணாடி வளையல்கள் கையில் இறுகின. கொஞ்சம் நகர்த்திப் பார்த்தால் தோலில் வரிவரியாகப் பள்ளம். காட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனோம். "மாசமா இருந்தா கை கால் வீங்கத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிரஷர் பார்க்கவே இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் மண்டை பிளக்கும் தலைவலி, வலது விலாவுக்குக் கீழே குத்தல், கண்ணுக்கு முன்னால் மின்மினி பறக்கிற மாதிரி. 108-ல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிரஷர் 170/110. சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது. ப்ரீஎக்ளாம்சியா, அதாவது கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறுகிற நோய் என்றார்கள். அப்போது 31 வாரம்.

ஜன்னி, அதாவது வலிப்பு, வந்துவிடக் கூடாது என்று மெக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். உடம்பெல்லாம் தீயாக எரிந்தது. ஒரு நர்ஸ் அடிக்கடி வந்து முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை வீக்கத்தில் வளையல் கழற்ற வரவில்லை. ஒவ்வொன்றாக உடைத்துத்தான் எடுத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு என் அம்மா வெளியே போய் அழுதார். குழந்தையின் நுரையீரல் முதிர எனக்கு ஊசி போட்டு, அடுத்த நாள் சிசேரியன். 1,320 கிராம். மகளின் முகத்தை நான் பார்த்தது மூன்றாம் நாள். 38 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பாலைப் பீய்ச்சி எடுத்து, பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊட்டினேன். அவளை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கங்காரு மாதிரி உட்கார்ந்திருந்த நாட்கள்தான் அதில் நல்ல நாட்கள்.

இப்போது அவள் மாமரத்தில் ஏறுகிறாள். பார்ப்பவர்களுக்கு நடந்தது எதுவுமே தெரியாது. வீட்டுக்காரரிடம் பேச்செடுத்தால், "நமக்கு ஒண்ணே போதும்" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொல்வார், எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். போன மாதம் அத்தை கோயிலில் பூவாக்குக் கேட்டுவிட்டு வந்தார்கள். அவர்கள் நினைத்தபடியே வெள்ளைப் பூ வந்ததாம். "சாமியே உத்தரவு குடுத்துருச்சு கண்ணு, நீ எதுக்கும் பயப்படாத" என்றார்கள். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். ஆனாலும் அன்று ராத்திரி தூங்கவில்லை. இப்படி ஒன்றைக் கடந்து இரண்டாவது பெற்றவர்கள் இருந்தால், எப்படிக் கடந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

சோமனூர் பக்கத்திலிருந்து:

தங்கச்சி, உங்களுடைய வளையலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் இதே வியாதிதான். 33-ஆவது வாரத்தில் மகன் பிறந்தான், 1,600 கிராம்.

"எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொன்ன யாராலும் என் பயம் ஒரு இம்மி குறையவில்லை. சொன்னவர்கள் எல்லோரும் முதல் தடவையும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு வழி திறந்தது வேறு இடத்தில். மகனுக்கு 3 வயது ஆனபோது, கர்ப்பம் ஆவதற்கு முன்பாகவே, பழைய காகிதங்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு கோவையில் ஒரு மகப்பேறு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் டிஸ்சார்ஜ் சம்மரியை விரித்து வைத்துக்கொண்டு, "முதல்ல இருந்து நீங்களே சொல்லுங்க" என்றார். அதுவரை யாருமே என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பாதியில் அழுதேன். அவர் காத்திருந்தார்.

அப்புறம் கேட்டேன், மறுபடி வருமா என்று. மழுப்பாமல் சொன்னார். 28-க்கும் 34-க்கும் இடைப்பட்ட வாரங்களில் பிரசவம் ஆகும்படி இந்த நோய் வந்தவர்களில், சுமார் மூன்றில் ஒருவருக்கு அடுத்த கர்ப்பத்திலும் வரும். அப்படி வந்தாலும் பலருக்கு முதல் தடவையைவிடத் தாமதமாகத்தான் வரும், கடுமையும் குறைவாக இருக்கும் என்றார். அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் முகம் வாடியது. எனக்கோ மூச்சு வந்தது. ஏனென்றால் என் மனதில் அது அதுவரை நூற்றுக்கு நூறாக இருந்தது.

உண்டானதும் செய்ததைச் சொல்கிறேன். 12-ஆவது வாரத்திலிருந்து 36 வரை, ராத்திரி படுக்கும்போது 150 மில்லிகிராம் ஆஸ்பிரின். கூடவே கால்சியம். ஆஸ்பிரின் எல்லோருக்கும் ஆகாது, டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான். அதையும் 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன் என்றார்கள். அதனால் நாள் தள்ளிப்போனதும் தாமதிக்காமல் போனேன். கருப்பைக்கு ரத்தம் போகும் வேகத்தை டாப்ளர் ஸ்கேனில் பார்த்தார்கள். 28-க்கு மேல் குழந்தையின் வளர்ச்சிக்குத் தனி ஸ்கேன்.

வீட்டில் பிரஷர் மிஷின் ஒன்று வாங்கினோம். எனக்கு ஆஸ்பத்திரி என்றாலே படபடப்பு. முதல் வாரம் கையில் பட்டை இறுகும்போதெல்லாம் பழைய வார்டு ஞாபகம் வந்து, அந்தப் பயத்திலேயே அளவு ஏறிக் காட்டியது. எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன். 6 தறி ஓடும். ஒருநாள் காலை 7 மணிக்கு நான் மிஷினை எடுத்து வைத்ததும் சத்தம் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். வீட்டுக்காரர்தான் நிறுத்தியிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டார். காலை 7, சாயங்காலம் 7, தினமும் பத்து பத்து நிமிடம் தறி நிற்கும். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் வைத்தபிறகு, பையன் வந்து பொத்தானை அமுக்குவான். அது அவன் வேலை, வேறு யாரும் தொடக் கூடாது. அவனுடைய நாலு கோடு நோட்டிலேயே எழுதினேன். ஒரு பக்கம் அ, ஆ. எதிர்ப்பக்கம் 116/74, 120/78.

பயம் போனதா என்றால் போகவில்லை. 33-ஆவது வாரம்தான் மகா கொடுமை. நோட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு வாரத்தில் இரண்டு தடவை "குழந்தை அசையலை" என்று ஓடினேன். இரண்டு தடவையும் இதயத்துடிப்பைக் கேட்க வைத்து, "எத்தனை தடவை வேணாலும் வாங்க" என்றுதான் அனுப்பினார்கள்.

36-ல் பிரஷர் 144/92 ஆனது. ஆம், வந்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை அதை முதலில் பார்த்தது நான். அன்றே அட்மிட் ஆனேன். மாத்திரை கொடுத்து, 37-ல் சிசேரியன் செய்தார்கள். மகள், 2,480 கிராம். துணியில் சுற்றி என் கன்னத்தோடு ஒட்டி வைத்தார்கள். அந்தச் சூடு எனக்குப் புதிது. மகனை அப்படித் தொட எனக்கு 2 நாள் ஆகியிருந்தது.

பிரசவத்துக்குப் பிறகும் நோட்டை மூடிவிடாதீர்கள். 6 வாரம் வரை பிரஷர் ஏற வாய்ப்பு உண்டு என்று சொல்லி, அதுவரை எழுதச் சொன்னார்கள்.

காங்கேயத்திலிருந்து:

நான் இரண்டாவது வேண்டாம் என்று முடிவு செய்தவள். என் கதையும் இங்கே இருக்கட்டும்.

எனக்குப் பிரஷர் இல்லை. சுகப்பிரசவம், ஆனால் நஞ்சுக்கொடி முழுதாகப் பிரியாமல் ரத்தப்போக்கு. 6 பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அடுத்ததைச் சுமக்கலாமா என்று கேட்டபோது டாக்டர் தடை சொல்லவில்லை. மறுபடியும் அப்படி ஆக வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதனால் ரத்த வங்கி இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும், ரத்தசோகை துளியும் இருக்கக் கூடாது என்றார். எல்லாம் செய்யக்கூடியதுதான். நாங்கள் 2 வருடம் யோசித்தோம். கடைசியில் காப்பர் டி போட்டுக்கொண்டேன். இப்போது மகனுக்கு 9 வயது.

என் அம்முச்சி மட்டும்தான் மறுபேச்சுப் பேசவில்லை. அவருக்கு 7 பிரசவம், தங்கியது 4. "உன் உசுரு, நீதான் சொல்லோணும் சாமி" என்றார். கோபித் தங்கச்சி, நீங்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அதற்காக யாரிடமும் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பவானியிலிருந்து:

பெண்கள் பேசுமிடத்தில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்த வீட்டுக்காரருக்காக ஒன்று சொல்கிறேன். என் மனைவிக்கு ஜன்னியே வந்துவிட்டது. தியேட்டர் வாசலில் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். படித்துப் பார்க்கக் கண் தெரியவில்லை, அவ்வளவு தண்ணீர். அதன்பிறகு 3 வருடம் அவள் அடுத்த குழந்தை என்று பேச்செடுத்தாலே நானும் எழுந்து வெளியே போய்விடுவேன். அவள் அதை ஆசையில்லாதது என்று நினைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை அந்தக் கையெழுத்தைப் போடக் கை வராது என்று நான் வாய் திறந்து சொன்ன அன்றுதான் இருவரும் சேர்ந்து அழுதோம். அவரையும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள் அம்மா.

தாராபுரம் பக்கத்திலிருந்து:

கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த இடத்தில் பிரஷர் பார்க்காமல் அனுப்பியதைப் படித்து மனசு ஆறவில்லை. 20 வாரத்துக்கு மேல் 140/90-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும், 160/110 என்றால் ஒரு நிமிடம்கூட வீட்டில் இருக்கக் கூடாது. தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, திடீரென முகமும் கையும் வீங்குவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. பார்க்காவிட்டால் எழுந்து வராதீர்கள்.

கர்ப்பம் பதிவு செய்யும்போதே முதல் பிரசவத்தில் நடந்ததைச் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். பயத்திலோ கூச்சத்திலோ மறைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். சொன்னால் ஆபத்து அதிகமுள்ள தாய் என்று குறித்துக்கொள்வார்கள், அடிக்கடி வந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் பரிசோதனை இலவசமாக நடக்கிறது. 2016-லிருந்து இருக்கும் ஏற்பாடு. சிசேரியன் ஆனவருக்கு இடைவெளியும் முக்கியம். ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 2 வருடம் விடச் சொல்வோம். உங்களுக்கு அது தாண்டிவிட்டது, அதில் கவலையில்லை.

மறுபடியும் கோபியிலிருந்து:

எல்லோருக்கும் கும்பிடு போடுகிறேன். சோமனூர் அக்கா எழுதியதை வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். தறி நின்ற இடத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தார். பவானி அண்ணன் எழுதியதை நான் வாசிக்கவில்லை, அவர் கையிலேயே கொடுத்தேன். ராத்திரி வெகுநேரம் பேசினோம். வளையல் உடைத்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியபிறகுதான் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடினேன். வீடு முழுக்கத் தேடியும் இல்லை. கடைசியில் அத்தை ஒன்றும் பேசாமல் தன் பீரோவைத் திறந்து, பட்டுச் சேலைக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாக் காகிதமும் தேதி வாரியாக இருந்தது. அந்த 38 நாளும் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் அவர்கள்தான். தைரியமாகப் பேசுகிறார்களே, இவர்களுக்கு என் பயம் புரியவில்லை என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் மூன்று பேருமாகத்தான் போனோம். பிரஷர் 118/76. சிறுநீரில் புரதம் இல்லை. 34 வாரத்துக்கு முன்னால் பிரசவம் ஆனதால் சிறுநீரகத்துக்கும், ஏபிஎல்ஏ என்று, ரத்தம் தேவையில்லாமல் உறையும் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சோதனைக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வந்தபின் பேசலாம், அதுவரை ஃபோலிக் ஆசிட் போடுங்கள், எந்த அவசரமும் இல்லை என்றார். பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்று நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை.

அந்த மஞ்சப்பையின் அடியில் மகள் கையில் கட்டியிருந்த ஆஸ்பத்திரிப் பட்டையும் இருந்தது. என் பெயரும் எடையும் எழுதியது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை அதை எடுத்துத் தன் சுண்டு விரலில் மாட்டிப் பார்த்தார்கள். விரலுக்குச் சரியாக இருந்தது. மகளிடம் காட்டினோம். இது யாருடைய மோதிரம் என்று கேட்டாள்.