மேல் வரிசை சிவந்தது: கண்டிஷனல் ஃபார்மேட்டிங் அனுபவங்கள்

சுமார் 400 இயந்திரங்களின் பராமரிப்புத் தேதிகளை எக்செல்லில் வைத்திருக்கிறேன். தேதி தாண்டிவிட்டால் அந்த வரிசை முழுவதும் சிவக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. தேதிகள் டி நெடுவரிசையில் இருந்தன. நிபந்தனை பொருந்தினால் செல்லின் நிறத்தைத் தானாக மாற்றும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் விதியில், ‘டி2 இன்றைய தேதியைவிடச் சிறியதா’ என்று ஃபார்முலா எழுதினேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள் மட்டும் சிவந்தன. காரணம், ஏ செல் டி-யைப் பார்த்தால் பி செல் ஈ-யைப் பார்க்கும், சி செல் எஃப்-ஐப் பார்க்கும். டி-க்கு முன்னால் ஒரு டாலர் குறி போட்டதும் எல்லாச் செல்களும் டி-யையே பார்த்தன, வரிசை முழுக்க நிறம் வந்தது.

அப்புறம் தேதியே இல்லாத வரிசைகளும் சிவந்தன. எக்செல்லுக்குத் தேதி என்பது வெறும் எண், 1900 ஜனவரி 1 என்றால் 1. காலிச் செல்லை அது பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது. பூஜ்யம் எப்போதுமே இன்றைய தேதியைவிடச் சிறியதுதானே? ‘செல் காலியாக இருக்கக் கூடாது’ என்ற நிபந்தனையையும் சேர்த்தேன், சரியானது.

உண்மையில் என்னைப் பயமுறுத்தியது மூன்றாவது தவறு. விதியைத் திரும்பப் போட்டபோது தலைப்பு வரிசையையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஃபார்முலாவோ 2-ஆம் வரிசையில் தொடங்கியது. எக்செல் ஃபார்முலாவைத் தேர்வின் முதல் செல்லோடு பொருத்திப் பார்ப்பதால், ஒவ்வொரு தேதிக்கும் அதற்கு மேல் வரிசை சிவந்தது. பார்க்க எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. கெடு தாண்டிய ஓர் இயந்திரம் வெள்ளையாகவே நிற்பதை மூன்று நாள் கழித்துத்தான் கண்டேன். இப்போதெல்லாம் விதி போட்டதும் ஒரு தேதியை வேண்டுமென்றே பழையதாக மாற்றி, எந்த வரிசை சிவக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

*

எனக்குத் தொல்லை தந்தது காப்பி பேஸ்ட். பலர் சேர்ந்து நிரப்பும் கோப்பு அது, திறக்கவே நேரமெடுத்தது. விதிகளை நிர்வகிக்கும் பெட்டியைத் திறந்தால், நான் போட்ட இரண்டு விதிகள் அறுபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடந்தன. செல்லை நகலெடுத்து ஒட்டும்போது விதியும் கூடவே வந்துவிடுகிறது. அனைத்தையும் அழித்துவிட்டு இரண்டையும் புதிதாகப் போட்டேன். மதிப்பை மட்டும் ஒட்டுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். 2003 பதிப்பு வரை ஒரு செல்லுக்கு மூன்று நிபந்தனைகளுக்கு மேல் வைக்க முடியாது, 2007-இல்தான் அந்த வரம்பு போனது. அந்தக் கட்டுப்பாடு இருந்தபோது இவ்வளவு குப்பை சேரவில்லை என்பது என் எண்ணம்.

*

18 இலக்க எண்கள் உள்ள பட்டியலில் இரட்டைப் பதிவுகளைத் தேடினேன். எண்களை உரையாகத்தான் வைத்திருந்தேன். ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கவுன்ட்இஃப் ஃபார்முலாவை விதியில் போட்டதும் பாதிப் பட்டியல் மஞ்சளானது. அழிக்கக் கை போய்விட்டது, நல்லவேளை, இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். கடைசி இலக்கம் வேறு! கவுன்ட்இஃப் உரையையும் எண்ணாக்கி ஒப்பிடுகிறது, எக்செல்லோ 15 இலக்கங்களுக்கு மேல் கணக்கில் கொள்வதில்லை. தேடும் எண்ணின் முடிவில் ஒரு நட்சத்திரக் குறியை ஒட்டியதும் அது உரையாகவே ஒப்பிட்டது. ஆறு வரிசைகள் மட்டும் மஞ்சளாக நின்றன.