பின்தோட்டத்தில் ஊஞ்சல்: கடைக்குப் போகும் முன் டேப்பை எடுங்கள்

கேள்வி: வணக்கம். வெளிநாடு வந்து இப்போதுதான் ஒரு வாடகை வீட்டில் குடியேறியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் புல்தரையோடு ஓரளவு இடம் இருக்கிறது. மூன்று வயதில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று என இரண்டு பிள்ளைகள். ஊஞ்சல் செட் வாங்கலாம் என்று பார்த்தால், வெறும் இரும்புச் சட்டத்தில் தொடங்கி கோட்டை மாதிரி மரவீடு வரை இருக்கிறது. விலை வித்தியாசம் தலையைச் சுற்றுகிறது. அதிகம் செலவழிக்க முடியாது. விலை குறைந்ததை வாங்கினால் ஆபத்தா?

பதில்: வாடகை வீடு, இரண்டும் வாண்டுகள், கையில் காசு அளவாக. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே பாதி முடிவாகிவிடுகிறது. உயரம் குறைவான, இரண்டு இருக்கை தொங்கவிடக்கூடிய சாதாரண இரும்புக்குழாய் ஊஞ்சல் போதும். அதில் மிச்சமாகும் பணத்தை ஊஞ்சலுக்குக் கீழே இருக்கும் தரையில் போடுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இருக்கிற காசை எல்லாம் சட்டத்தில் கொட்டிவிட்டு, கீழே புல் இருக்கிறதே போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

விலை ஏற ஏற என்ன கூடுகிறது என்று பாருங்கள். ஒரு மேடை, அதற்கு ஒரு கூரை, பிளாஸ்டிக் ஸ்டியரிங், எதையும் காட்டாத பொம்மை டெலஸ்கோப். வந்த முதல் வாரம் பிள்ளைகள் அதை எல்லாம் திருகிப் பார்ப்பார்கள். அப்புறம் ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும்தான் சண்டை. பாதுகாப்பு விலையில் இல்லை. பெட்டியில் எந்தத் தரக்குறியீடு போட்டிருக்கிறது என்று பாருங்கள். வீட்டு உபயோக விளையாட்டுச் சாதனங்களுக்கு அமெரிக்காவில் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1148, ஐரோப்பாவில் ஈ.என். 71-8. பொதுப் பூங்காக்களுக்கான குறியீடுகள் வேறு: அமெரிக்காவில் எஃப் 1487, ஐரோப்பாவில் ஈ.என். 1176. விற்பவர் “இது பூங்காத் தரம்” என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், இரண்டு பிள்ளைகளுக்கு அது தேவையில்லை என்று தைரியமாக நகர்ந்து வாருங்கள்.

இப்போது டேப்பை எடுங்கள். ஊஞ்சலின் எல்லாப் பக்கத்திலும் குறைந்தது 6 அடி காலியாக இருக்க வேண்டும். வேலி, சுவர், மரம், துணி காயப்போடும் கம்பி எதுவும் அந்த எல்லைக்குள் வரக்கூடாது. ஆடும் திசையில் இது போதாது. ஊஞ்சல் தொங்கும் மேல்குழாய் எவ்வளவு உயரமோ, முன்னால் அதைப்போல் இரண்டு மடங்கு, பின்னால் இரண்டு மடங்கு வேண்டும். 7 அடி உயரச் சட்டம் என்றால் முன்னே 14, பின்னே 14, ஆக 28 அடி. படத்தில் கைக்கு அடக்கமாகத் தெரியும் சட்டம் தோட்டத்தையே விழுங்கிவிடும்.

உயரம் குறைவானதை வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சட்டம் 8 அடி அகலம், இரு பக்கமும் 6 அடி சேர்த்தால் 20 அடி. 7 அடி உயரத்துக்கு 28 x 20, அதாவது 560 சதுர அடி. விழும் பிள்ளையைத் தாங்க அதில் 9 அங்குலம் மரச்சில்லு நிரப்ப 420 கன அடி வேண்டும், கிட்டத்தட்ட 12 கன மீட்டர். 50 லிட்டர் மூட்டையாக வாங்கினால் ஏறக்குறைய 240 மூட்டை! இதையே 5 அடி உயரமாக எடுத்தால் 20 x 20, 400 சதுர அடி, 300 கன அடியில் முடிந்துவிடும். இரண்டு அடி உயரம் குறைத்ததில் கால்பங்குக்கு மேல் மிச்சம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு 7 அடி எதற்கு?

புல்தரை மெத்தென்று இருக்கிறதே என்று தோன்றும். ஆடுகிற கால்கள் தேய்த்துத் தேய்த்துச் சில மாதங்களில் ஊஞ்சலுக்குக் கீழே புல் போய், மண் இறுகிக் கட்டாந்தரையாகிவிடும். புல்லும் மண்ணும் விழுகிற பிள்ளையைத் தாங்கும் தரையாகவே கணக்கில் எடுக்கப்படுவதில்லை. செயற்கைப் புல்லும் அப்படித்தான், அடியில் அதிர்வு தாங்கும் மெத்தை போடாவிட்டால் அது வெறும் பச்சை விரிப்பு. அறைக்குள் விரிக்கும் நுரைப் பாயும் இதற்கு உதவாது.

மலிவில் நன்றாக வேலை செய்வது மரச்சில்லு அல்லது சிறு துண்டுகளாக்கிய மரப்பட்டை. 9 அங்குலம் இருந்தால் 7 அடி உயரம் வரை தாங்கும். மணலும் பொடிக் கூழாங்கல்லும் அதே 9 அங்குலத்தில் 5 அடி உயரம் வரைதான். அதோடு சின்னக் குழந்தை கூழாங்கல்லை வாயில் போடும், மூக்கில் திணிக்கும். உங்கள் இளையவனுக்கோ இளையவளுக்கோ அது சரிவராது. நிரப்பியது நாளாக ஆக அமுங்கும், 9 அங்குலம் நிற்க வேண்டுமானால் ஆரம்பத்தில் 12 அங்குலம் கொட்ட வேண்டும். மேலே சொன்ன மூட்டைக் கணக்கை அதற்கேற்ப ஏற்றிக்கொள்ளுங்கள். மூட்டை வாங்காமல் லாரி லோடாக வாங்கினால் செலவு வெகுவாகக் குறையும். பல இடங்களில் மரம் வெட்டும் ஆட்கள் அரைத்த சில்லுகளை இலவசமாகவே கொட்டிவிட்டுப் போவார்கள், அவர்களுக்கும் அதை அப்புறப்படுத்தும் செலவு மிச்சம். அப்படி வந்தால் முள், நீளக் குச்சி, கம்பித்துண்டு ஏதாவது கிடக்கிறதா என்று கிளறிப் பார்த்துப் பரப்புங்கள். சுற்றி ஒரு மரச்சட்ட வரம்பு கட்டாவிட்டால் மழையில் பாதி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஆடும் இடத்துக்கு நேர் கீழே குழி விழுந்துகொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை காலாலோ மண்வாரியாலோ இழுத்து மூடுங்கள்.

காசு கொஞ்சம் இருந்தால் ரப்பர் ஓடுகள் பதிக்கலாம். வாங்கும்போது எத்தனை அடி உயரத்தில் இருந்து விழுவதற்கு அது சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். ஈ.என். 1177 அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப் 1292 சோதனையைச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அது கராஜுக்கு விரிக்கிற ரப்பர்.

சட்டத்தைப் பற்றி. கால்வனைஸ் செய்து அதன்மேல் பவுடர் கோட்டிங் கொடுத்த குழாய் துருவைத் தாங்கும். வெறும் பெயின்ட் என்றால் போல்ட் போடும் ஓட்டையில் இருந்துதான் துரு ஆரம்பிக்கும். சங்கிலிக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருக்கட்டும், இல்லாவிட்டால் சின்ன விரல் வளையத்தில் நசுங்கும். இருக்கை தொங்கும் எஸ் வடிவக் கொக்கியைக் கிட்டே போய்ப் பாருங்கள். வாய் முழுதாக மூடியிருக்க வேண்டும், 1 மில்லிமீட்டர் இடைவெளிக்கு மேல் கூடாது. வாய் திறந்த கொக்கியில் சட்டைக் கழுத்து மாட்டும். ஒரு இடுக்கியால் நெருக்கி மூடிவிடலாம், ஒரு நிமிட வேலை. போல்ட் முனை நட்டுக்கு வெளியே இரண்டு மரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் மூடி போடுங்கள்.

இளையதுக்கு நாலாபக்கமும் அடைத்த பக்கெட் இருக்கை. தலை நின்று, தானாக உட்காரும் குழந்தைக்கு அது சரி. மூத்ததுக்கு வளையும் பெல்ட் இருக்கை. பலகை இருக்கை அழகாக இருக்கும், ஆனால் ஆடிக்கொண்டிருக்கும்போது குறுக்கே ஓடுகிற தம்பி தங்கையின் நெற்றிக்கு அது நல்லதில்லை. இருக்கையை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய சட்டமா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்து பக்கெட்டைக் கழற்றி பெல்ட் மாட்டினால் போதும்.

வாடகை வீட்டு விஷயம். முதலில் உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் சரி என்பார்கள், வீட்டைக் காலி செய்யும்போது புல்லைக் காட்டி முன்பணத்தில் கை வைப்பார்கள். சட்டத்தின் காலைத் தரையோடு பிடித்து நிறுத்தும் ஆங்கர் இல்லாமல் மட்டும் நிறுத்தாதீர்கள். லேசான சட்டம் ஆட ஆட ஒரு கால் தூக்கும், அதைப் பார்த்துப் பிள்ளைக்கு இன்னும் குஷியாகி வேகம் கூட்டும். தரையில் திருகி இறக்கும் ஆங்கர் வாடகைக்காரர்களுக்கு வசதி, போகும்போது திருகி எடுத்துவிடலாம். தலை வெளியே நீட்டாமல் மண்ணுக்குள் போகட்டும், இல்லாவிட்டால் அதிலேயே தடுக்கி விழுவார்கள். தோண்டுவதற்கு முன் கீழே காஸ், மின்சார லைன் போகிறதா என்று விசாரியுங்கள். அமெரிக்காவில் 811 என்ற தொலைபேசி எண், ஆஸ்திரேலியாவில் ‘பிஃபோர் யூ டிக்’ இணையதளம். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் உள்ளூராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

சட்டத்தைப் பொருத்திப் பூட்டும்போது எல்லா நட்டையும் கையால் மட்டும் திருகி நிறுத்துங்கள். சட்டம் நேராக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகு ஸ்பானரால் இறுக்குங்கள். முதல் இணைப்பையே இறுக்கிவிட்டால் கடைசிக் குழாயின் ஓட்டை சேரவே சேராது, பழி கம்பெனி மேல் விழும். இரண்டு வாரம் ஆடிய பிறகு மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள்.

கேள்வி: அக்கா, பக்கத்துத் தெருவில் ஒருவர் பழைய மர செட் ஒன்றைச் சும்மாவே தருகிறார். கழற்றி எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: எத்தனை வருடப் பழையது என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் தம்பி. முன்பெல்லாம் தோட்டத்து மரங்களுக்கு ஆர்செனிக் கலந்த சி.சி.ஏ. மருந்து ஏற்றுவார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு உபயோகத்துக்கு அது 2003 இறுதியோடு நின்றது. அதற்கு முந்தைய மரம் என்று சந்தேகம் வந்தால், சும்மா தந்தாலும் வேண்டாம். எரித்து ஒழிக்கவும் கூடாது, புகையும் சாம்பலும் நஞ்சு.

புதிய மரம்தான் என்றால் கம்பித் தடுப்புகளையும் ஏணிப் படிகளையும் அளந்து பாருங்கள். மூன்றரை அங்குலத்துக்கு மேல், ஒன்பது அங்குலத்துக்குக் கீழ் உள்ள இடைவெளியில்தான் பிள்ளையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். காலடியில், மண்ணைத் தொடும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள், மெத்தென்று இறங்கினால் உளுத்துவிட்டது. வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக் இருக்கையை வளைத்துப் பாருங்கள், வெள்ளைக் கீறல் விழுந்தால் அதை எறிந்துவிட்டுப் புதிது மாட்டலாம், அது பெரிய செலவில்லை. மாடலின் பெயரைப் போட்டு, குறைபாடு காரணமாகத் திரும்பப் பெறப்பட்டதா என்று உங்கள் நாட்டு நுகர்வோர் பாதுகாப்புத் துறையின் தளத்திலும் தேடுங்கள்.

எல்லாம் சரி என்றாலும், கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பையும் போனில் படம் எடுங்கள். இருபுறமும் எண் எழுதி டேப் ஒட்டுங்கள். போல்ட்டுகள் பழையதாக இருந்தால் அதே அளவில் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் பெரிய மரம் இருக்கிறது. கிளையில் கயிறு கட்டிவிட்டால் செலவே இல்லையே?

பதில்: கிளை உயிரோடு இருக்க வேண்டும், 8 அங்குலமாவது பருமன் வேண்டும், பட்டுப்போன நுனியோ வெடிப்போ இருக்கக்கூடாது. கயிற்றை நேராகச் சுற்றிக் கட்டினால் பட்டையை அறுக்கும், கயிறும் தேயும். அகலமான வாரை இடையில் கொடுங்கள். வாடகை வீட்டு மரம் என்றால் கிளை முறிந்தாலும் கணக்கு உங்கள் தலையில்தான். கீழே மரச்சில்லு இதற்கும் வேண்டும், ஆகவே செலவே இல்லை என்பது கிடையாது. கிளை உயரமாக இருந்தால் அந்த இரண்டு மடங்குக் கணக்கும் சேர்ந்து ஏறும். எனக்கு மரத்து ஊஞ்சல் பிடிக்கும், ஆனால் ஐந்து வயதுக்கு மேல்.

கேள்வி: சறுக்குமரம் சேர்த்து வாங்கலாமா? சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு நானே சறுக்கினால் பயமில்லையே?

பதில்: வாங்குங்கள், ஆனால் மடியில் மட்டும் வைத்துச் சறுக்காதீர்கள். குழந்தையின் செருப்பு ஓரத்தில் உரசி நின்றுவிடும், பின்னால் உங்கள் எடை தள்ளும், கணுக்காலுக்கு மேலுள்ள கால் எலும்பு முறுகி உடையும். குழந்தை தனியாகச் சறுக்கினால் கால் மாட்டினாலும் அதன் சொந்த எடைதான், நின்றுவிடும். தனியாகப் போகும் அளவுக்கு உயரம் குறைந்த சறுக்கு வாங்கி, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். நிழல் விழும் பக்கமாகத் திருப்பி வையுங்கள். பிளாஸ்டிக்கும் கோடையில் சுடும், உட்காரவைக்கும் முன் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். ஹூடி கழுத்தில் தொங்கும் கயிறு, சைக்கிள் ஹெல்மெட், மஃப்ளர் மூன்றையும் கழற்றிவிட்டுத்தான் ஏறவிட வேண்டும். ஸ்கிப்பிங் கயிற்றையோ நாய்ச் சங்கிலியையோ சட்டத்தில் கட்டி விளையாட விடாதீர்கள். இதில் பேரமே கிடையாது.

கேள்வி: இப்போது வாங்கவா, காத்திருக்கவா? இங்கே குளிர் தொடங்கப் போகிறது.

பதில்: கோடை முடிந்ததும் கடைகள் இடத்தைக் காலி செய்யப் பார்க்கும், விலை இறங்கும். பெட்டியாக வாங்கிக் கராஜில் வைத்துவிட்டு வசந்தத்தில் பூட்டுங்கள். மரச்சில்லு குளிரில் உறைந்தால் கல் மாதிரி ஆகிவிடும், அந்த நாட்களில் எப்படியும் ஆடவிடக் கூடாது. ஏற்கெனவே பூட்டியிருப்பவர்கள் இருக்கைகளைக் கழற்றி உள்ளே எடுத்து வையுங்கள். பூட்டும் புத்தகத்தையும் மிஞ்சிய போல்ட்டுகளையும் ஒரு பையில் போட்டு சட்டத்தோடு வரும் அட்டைப்பெட்டியிலேயே வைத்திருங்கள். வீடு மாறும்போதும், பிள்ளைகள் வளர்ந்து விற்கும்போதும் முதலில் தேடுவது அந்தப் பையைத்தான்.