விம்மா, ஈமேக்ஸா: விரல்களுக்கு எது உகந்தது?

முனையம்:
அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், "நிரல் எழுத இத்தனை எடிட்டர்கள் இருக்கும்போது ஏன் இன்னும் விம்?" என்று கேட்டார். என் பதிலை இங்கேயும் வைக்கிறேன். நிரலர் புதிதாகத் தட்டச்சு செய்வது குறைவு. ஏற்கெனவே இருப்பதைத் திருத்துவதே அதிகம். விம் அந்த வேலைக்காகப் பிறந்தது. 'சி', 'ஐ', மேற்கோள் குறி என மூன்று விசைகளைத் தட்டினால் மேற்கோளுக்குள் இருப்பது அழிந்து, புதிதாக எழுத இடம் தயாராகிவிடும். அடுத்த இடத்திலும் அதே திருத்தம் வேண்டுமென்றால் ஒரு புள்ளி போதும். வினையும் பெயரும் சேர்ந்து வாக்கியமாவதுபோல் கட்டளைகள் சேர்கின்றன. இதைக் கற்றவருக்கு மற்ற எடிட்டர்கள் ஊமையாகத்தான் தெரியும்.

அடைப்புக்குறி:
ஊமை என்பதை ஏற்க மாட்டேன். விம்மில் நீங்கள் போற்றும், 'எச், ஜே, கே, எல்' விசைகளால் நகரும் முறை எங்கிருந்து வந்தது? 1976 வாக்கில் பெர்க்லியில் பில் ஜாய், விம்மின் முன்னோடியான விஐ எடிட்டரை எழுதியபோது அவரிடம் இருந்தது ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற கணினி முனையம். அதில் அந்த நான்கு விசைகளின் மேல்தான் அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. எழுதும் நிலையிலிருந்து கட்டளை நிலைக்குத் திரும்ப அழுத்தும் எஸ்கேப் விசையோ இன்று டேப் இருக்கும் இடத்தில் இருந்தது. அந்தக் கருவி போய்விட்டது. எஸ்கேப் மூலைக்கு நகர்ந்துவிட்டது. பழக்கம் மட்டும் நிற்கிறது. ஈமேக்ஸில் எந்த விசை எந்தச் செயற்கூறை அழைக்கிறது என்று எடிட்டரிடமே கேட்கலாம். லிஸ்ப் என்ற நிரல்மொழியில் உள்ள அதன் மூலத்தைத் திறந்து, எடிட்டரை மூடாமலே மாற்றலாம். கருவி என் வேலைக்கேற்ப வளைய வேண்டும்.

முனையம்:
கருவி போனாலும் காரணம் போகவில்லை; விரல்கள் நடுவரிசையை விட்டு நகராமல் இருப்பதே அதன் பயன். ஈமேக்ஸ் கட்டளைகளுக்கு நீங்கள் அழுத்தும் கன்ட்ரோல் விசையின் கதை என்ன? லிஸ்ப் இயந்திரங்கள் என்ற பழைய கணினிகளின் விசைப்பலகையில் அது இடைவெளி விசையின் பக்கத்தில் இருந்தது. இன்று அதுவும் மூலையில்தான் இருக்கிறது, சுண்டுவிரலுக்கு வலி. இன்னொன்று: யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்திலேயே விஐ இடம்பெற்றது. நள்ளிரவில் அறிமுகமில்லாத சர்வருக்குள் நுழைந்தாலும் பெரும்பாலும் அது எனக்காகக் காத்திருக்கும்.

மூன்றாம்வரி:
2016இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த மொழிச் சர்வர் நெறிமுறை (நிரல்மொழி உதவிகளை எந்த எடிட்டருக்கும் தரும் பொது வழி) வந்த பிறகு, பெயரை நிரப்புவதும் வரையறைக்குத் தாவுவதும் விம், ஈமேக்ஸ், விஎஸ் கோடு மூன்றிலும் கிடைக்கின்றன. நான் விஎஸ் கோடில் முதல் நாளே வேலையைத் தொடங்கினேன். ஆறு மாதம் விசைகளைப் பழக எனக்கு நேரமில்லை.

அடைப்புக்குறி:
உங்கள் நிலை நியாயமானதே. ஆனால் தமிழில் ஆவணம் எழுதும்போது வரும் சிக்கலை இங்கே யாரும் தொடவில்லை. கணினியின் விசைப்பலகை தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு அமைப்பில் இருக்கட்டும். விம்மில் எஸ்கேப் தட்டி, வரியை அழிக்க 'டி' விசையை இருமுறை அழுத்தினால் போய்ச் சேர்வது 'உ'. கீழே இறங்க 'ஜே' அழுத்தினால் 'ப'. ஒவ்வொரு முறையும் மொழியை மாற்றிவிட்டுத்தான் கட்டளை தர வேண்டும். ஈமேக்ஸில் உள்ளீட்டு முறை எடிட்டருக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல் கட்டளைகள் வழக்கம்போல் இயங்கும்.

முனையம்:
இந்த வலி எனக்கும் தெரியும். விம்மிலும் கீமேப் என்ற விசை அட்டவணை உண்டு; எழுதும் நிலையில் மட்டும் எழுத்துகளை மாற்றும். அதனுடன் வரும் தமிழ்க் கோப்பு டிஸ்கி (TSCII) என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறைக்கானது என்பதால், 216 உயிர்மெய்க்கும் நானே வரி எழுதினேன். 'கக' என்று தட்டினால் 'க்க' ஆகும் தானியங்கிப் புள்ளியில்தான் திணறினேன். அடுத்த விசைக்காக விம் காத்து நிற்பதால் வேகம் போய்விடுகிறது.

அடைப்புக்குறி:
அப்படியானால் ஈமேக்ஸில் ஈவில் நீட்சியைப் போட்டுப் பாருங்கள். விம் கட்டளைகள் அப்படியே கிடைக்கும். கட்டளை நிலைக்குப் போனதும் தமிழ் உள்ளீடு தானாக அணையும். எழுதத் தொடங்கியதும் திரும்ப வரும்.

முனையம்:
அது எனக்குத் தெரியாது. உங்கள் அமைப்புக் கோப்பை இங்கே இடுங்கள், ஞாயிற்றுக்கிழமை முயல்கிறேன். தமிழ் ஆவணங்களுக்கு மட்டும். சர்வரில் நான் விஐதான்.