எல்லாம் பக்கத்திலேயே இருக்கும் வீடு: உங்கள் அனுபவம் என்ன?

மாடிவாசி
கடை, பூங்கா, பள்ளி எல்லாம் நடக்கிற தூரம். அடுத்த தெருவில் கேளிக்கை அரங்கம். பகலில் வீடு பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. குடிவந்த வாரக் கடைசியில் பாட்டு கேட்கவில்லை, 'தும் தும்' மட்டும் வந்தது. மேசையில் வைத்த தம்ளர் தண்ணீர் நடுங்கியது. மகள் சுவரில் கை வைத்துப் பார்த்து, "அம்மா, இதுக்கு நெஞ்சு அடிக்குது" என்றாள். இன்னும் அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை.

ஊரோரம்
மாடிவாசி, சத்தத்தோடு வாழ்ந்துவிடலாம். நாங்கள் அமைதி வேண்டும் என்று ஊரைத் தாண்டிப் போனவர்கள். ஒரு இரவு அப்பாவுக்கு மூச்சுத் திணறல். நான் வாசலில் டார்ச்சை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் போனில் "எந்த வளைவு சார், எந்த வளைவு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனாலும் அந்தக் குரல் போகவில்லை. மருந்துக்கடை வெளிச்சம் தெரிகிற இடத்தில்தான் இனி எனக்கு வீடு.

இரவுப்பணி
எனக்குப் பகல்தான் இரவு, எதிரே விளையாட்டுத் திடல். அது கிடக்கட்டும். மாடிவாசி, ஜன்னலை மாற்றிச் செலவு செய்யாதீர்கள். கண்ணாடி பேச்சுச் சத்தத்தைத் தடுக்கும், அந்தத் 'தும் தும்' அடித்தாளம் சுவர் வழியாகவும் வரும். ஒரே இடத்திலிருந்து வரும் சத்தம், திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும். ஓயாமல் வண்டி ஓடும் சாலையென்றால் 3தான். இரவில் தரையோரக் காற்று குளிர்ந்தால் ஒலி கீழே வளையும், அதனால்தான் தொலைவுச் சத்தமும் கேட்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் ஐரோப்பாவுக்குச் சொன்ன இரவுச் சத்த வரம்பு வீட்டுக்கு வெளியே சராசரி 40 டெசிபல். ஒரு வரிசை மரம் பெரிதாக உதவாது, இடையில் நீளமான கட்டடம் இருந்தால் உதவும். அதனால் கடைத்தெருவுக்கு இரண்டு தெரு உள்ளே பாருங்கள். விடுமுறைக்கு முந்தின இரவில் போய், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு நில்லுங்கள். ஜெனரேட்டர் எங்கே, சரக்கு இறக்குவது எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

பழைய குடித்தனம்
இரவுப்பணி, அவர் யோசனை கேட்கவே இல்லையே. அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்புறம், எல்லோருக்கும் சத்தம் எதிரியில்லை. திரையரங்குக்குப் பக்கத்தில் இருந்தோம். கடைசிக் காட்சி விட்டதும் கூட்டம் பேசிக்கொண்டே போகும். தனியாகிப்போன என் அத்தை அதற்காகவே பால்கனியில் காத்திருப்பார். உள்தெருவுக்கு மாறினோம். எங்களுக்கு நல்ல தூக்கம். அத்தையோ முதல் இரவே, "ஏன்டா, இங்க யாருமே வீட்டுக்குத் திரும்ப மாட்டாங்களா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

ஊரோரம், அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?