நிஷி கசாயில் நிற்காமல் போகும் ரயில், தெய்கி ஏற மறுக்கும் சுய்கா: யாராவது உதவுங்கள்

புதுவரவு:
வணக்கம். டோக்கியோவுக்கு வேலைக்கு வந்து நிஷி கசாயில் வீடு எடுத்திருக்கிறேன். அலுவலகம் ஓத்தேமாச்சி. தோசாய் மெட்ரோ லைனில் நேர் வண்டி, மாற வேண்டியதே இல்லை என்று சொல்லித்தான் வீட்டுத் தரகர் இந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தார். ஆனால் மாலையில் ‘நிஷி ஃபுனாபாஷி’ என்று போட்ட வண்டியில் ஏறினால் சில நாள் வீடு வந்து சேருகிறேன். சில நாள் அதே பெயர் போட்ட வண்டி, எங்கள் பிளாட்பாரத்தை ஜன்னலில் காட்டிவிட்டு உராயாசுவில் போய்த்தான் நிற்கிறது. இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னொன்று. மாதப் பாஸ், இங்கே ‘தெய்கி’ என்கிறார்கள், எடுத்தால் அலுவலகம் பணம் தரும். டோக்கியோ நிலையத்தில் ஜேஆர் ரயில் நிறுவனத்தின் இயந்திரத்தில், காசு ஏற்றிப் பயணிக்கும் என் சுய்கா கார்டைப் போட்டு முயன்றேன். நிஷி கசாய் – ஓத்தேமாச்சி பாஸ் வரவே இல்லை. கார்டில் கோளாறா?

தண்டவாளப்பித்தன்:
முதல் கேள்விக்கு: பலகையில் ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள், அதன் பக்கத்தில் இருக்கும் வண்டி வகையைப் பாருங்கள். நிஷி ஃபுனாபாஷி போகும் வண்டியில் லோக்கலும் உண்டு, ராபிட்டும் உண்டு. தோயோ கட்சுதாதாய் வண்டியும் அப்படித்தான். ராபிட், அதாவது ஜப்பானியத்தில் ‘கைசோகு’ எனும் விரைவு வண்டி, நகருக்குள் தோயோச்சோ வரை எல்லா இடத்திலும் நிற்கும். அதனால்தான் லோக்கலில் இருப்பதாகவே தோன்றும். தோயோச்சோவை விட்டால் அடுத்து உராயாசுதான். மினாமி சுனாமாச்சி, நிஷி கசாய், கசாய் மூன்றிலும் நிற்காது.

ராபிட்டில் ஏறியது பாதி வழியில் தெரிந்தால் பதற வேண்டாம். தோயோச்சோவில் இறங்கி, அதே பிளாட்பாரத்தில் பின்னால் வரும் லோக்கலைப் பிடியுங்கள்.

காலையில் கதை வேறு. வாரநாள் காலை நகரை நோக்கி வரும் ‘கம்யூட்டர் ராபிட்’, நிஷி ஃபுனாபாஷிக்கும் உராயாசுவுக்கும் நடுவில்தான் நிற்காமல் ஓடும். அதன்பிறகு எல்லா நிலையத்திலும் நிற்கும், நம்முடையதிலும். பெயரைப் பார்த்து பயந்து அதை விட்டுவிடாதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1969-இல் இந்தப் பாதை திறந்தபோது நிஷி கசாய் நிலையமே கிடையாது. 1979-இல்தான் நடுவில் சேர்த்தார்கள். ராபிட் லோக்கலை முந்துவது அடுத்த நிலையமான கசாயில், அங்கேதான் அதற்குத் தனித் தண்டவாளம் இருக்கிறது. ரயில் பிடிக்கும் என்றால் கசாய் பாலத்தடியில் சுரங்க ரயில் அருங்காட்சியகமும் உண்டு, ஒரு ஞாயிறு போய்வாருங்கள்.

எடோகாவா அக்கா:
தம்பி, கார்டில் கோளாறு ஒன்றும் இல்லை. சுய்கா ஜேஆரின் கார்டு. பயணத்தில் ஜேஆர் தடம் இருந்தால்தான் அதில் தெய்கி ஏற்றித் தருவார்கள். உன் வழி முழுக்க மெட்ரோ, ஆகவே மெட்ரோவில் கிடைக்கும் பாஸ்மோ கார்டுதான் வேண்டும். நிஷி கசாய் நிலையத்திலேயே தெய்கி விற்கும் இயந்திரம் இருக்கிறது, திரையை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். போனில் வேண்டுமென்றால் மொபைல் பாஸ்மோ. ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று எடுக்கலாம். ஆறு மாதம்தான் மலிவு, ஆனால் அலுவலகம் எதற்குப் பணம் தரும் என்று கேட்டுவிட்டு எடு.

தெய்கியை மலிவுக்காக மட்டும் சொல்லவில்லை. நம் நிலையத்துக்கும் மினாமி சுனாமாச்சிக்கும் நடுவே அராகாவா, நாகாகாவா ஆறுகள் மேல் நீளமான பாலம். 1978 பிப்ரவரியில் சுழற்காற்று அந்தப் பாலத்தில் ஒரு ரயிலையே கவிழ்த்திருக்கிறது. இப்போதும் காற்று பலமாக அடித்தால் வண்டியை மெதுவாக ஓட்டுவார்கள், நிறுத்தியும் விடுவார்கள். அப்போது ‘ஃபுரிகாயே யுசோ’ என்று அறிவித்தால், அவர்கள் சொல்லும் வேறு தடங்களில் கூடுதல் காசில்லாமல் போகலாம். அது தெய்கியோ காகித டிக்கெட்டோ வைத்திருப்பவருக்குத்தான். கார்டிலுள்ள காசில் போகிறவருக்குக் கிடையாது. பலருக்கு இது புயல் நாளில்தான் தெரிகிறது.

அவசரத்துக்கு நிலைய வாசலிலிருந்து ஃபுனாபோரிக்கு நகரப் பேருந்து உண்டு. அங்கே தோயெய் ஷின்ஜுகு லைன் பிடிக்கலாம். தாமதமானால் தாமதச் சான்று வாங்கிக்கொள், மெட்ரோவின் இணையதளத்திலும் எடுக்கலாம். மேலதிகாரியிடம் வாயால் சொல்வதைவிட அந்தத் துண்டுச் சீட்டுக்குத்தான் இங்கே மதிப்பு.

புதுவரவு:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி பித்தரே. லோக்கல் பார்த்து ஏறுகிறேன், சரியாக இருக்கிறது. பாஸ்மோ தெய்கியும் எடுத்துவிட்டேன். இப்போது புதுச் சிக்கல்: நிலைய டிக்கெட் வாயிலில் பர்ஸை வைத்தால் கதவு படக்கென்று மூடி, சிவப்பு விளக்கு எரிகிறது. பின்னால் வருகிறவர்கள் என் முதுகில் முட்டாத குறை. பாஸ் தேதி சரியாகத்தான் இருக்கிறது.

தண்டவாளப்பித்தன்:
பர்ஸுக்குள் பழைய சுய்காவும் இருக்கிறதா?

புதுவரவு:
ஆமாம், மடிப்பின் மறுபக்கத்தில்.

தண்டவாளப்பித்தன்:
அதுதான். இரண்டு கார்டும் ஒன்றாகப் பட்டால் எதைப் படிப்பது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. சில சமயம் கதவு திறந்தாலும் காசு சுய்காவில் கழிந்திருக்கும், நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். பாஸ்மோவைத் தனி உறையில் போடுங்கள். கதவு மூடினால் பின்வாங்கி, ஓரத்தில் ஊழியர் இருக்கும் வழிக்குப் போய்க் கார்டை நீட்டினால் போதும், பதிவைச் சரிசெய்து தருவார். பேச்சே தேவைப்படாது.

எடோகாவா அக்கா:
சுய்கா இனி வேண்டாம் என்றால் ஜேஆர் நிலையத்தில்தான் திருப்பிக் கொடுக்க முடியும், மெட்ரோவில் வாங்க மாட்டார்கள். மீதிப் பணத்தில் 220 யென் கட்டணமாகப் பிடிப்பார்கள். அதனால் முதலில் கடையில் எதையாவது வாங்கி மீதியைக் காலியாக்கிவிட்டுப் போ. 500 யென் டெபாசிட் முழுதாகக் கைக்கு வரும்.