லண்டன் – பாரிஸ்: ‘ஒரு மணி நேரம்தான் சித்தி!’

பாரிஸில் இருக்கும் சித்தி, “எத்தனை மணிக்கு வருவாய்?” என்று கேட்டார். “ஒரு மணி நேரப் பயணம்தான் சித்தி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன்” என்றேன். நேர்க்கோட்டில் ஏறத்தாழ 344 கிலோமீட்டர். ஜெட் விமானத்துக்கு அது எந்த மூலைக்கு?

டிக்கெட்டில் புறப்பாடு 9.30, சேர்வது 11.50 என்று இருந்தது. இரண்டு மணி இருபது நிமிடமா என்று திகைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால். மீதி ஒரு மணி இருபது நிமிடத்திலும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் இறங்கியபின் ஊர்ந்து வருவதும் அடக்கம். வானத்தில் இருந்தது ஐம்பது நிமிடம்கூட இருக்காது. ஏறி முடித்ததுமே இறங்கத் தொடங்கிவிடுகிறது. தேநீர் வாங்கிச் சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரிக்கிறேன், குப்பைப் பையோடு பணிப்பெண் வந்து நிற்கிறார். அப்படியே விழுங்கியதில் நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

அன்றைக்கு விமானமும் முக்கால் மணி தாமதம். பாஸ்போர்ட் வரிசை வேறு. சார்ல் து கோல் விமான நிலையம் ஊருக்கு வெளியே 25 கிலோமீட்டர். அங்கிருந்து ஒரு ரயில், அப்புறம் மெட்ரோ. காலை 6 மணிக்கு வீட்டைப் பூட்டியவன், சித்தி வீட்டு மணியை அடித்தபோது அங்கே இரண்டரை. நேர வித்தியாசத்தைக் கழித்தால் ஏழரை மணி நேரம். சரியாக ஏழரை!

திரும்பும்போது 10 மணிக்குப் புறப்பட்டு 10.20க்கு இறங்கினேன். கடிகாரத்தை நம்பினால் இருபது நிமிடப் பயணம்.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். அடுத்த முறை ரயிலில் போய்ப் பாருங்கள். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் ஏறினால் வேகமான ரயில் 2 மணி 16 நிமிடத்தில் பாரிஸின் கார் து நோர் நிலையத்துக்குப் போய்விடும். பிரெஞ்சு பாஸ்போர்ட் சோதனையையும் லண்டன் நிலையத்திலேயே முடித்துவிடுவார்கள். இறங்கி நடந்தால் லா ஷப்பல் பகுதி, நம் ஆட்களின் கடைகள், கொத்து ரொட்டிச் சத்தம்.

ஒரு ஏமாற்றம் மட்டும் உண்டு. கடல் தெரியும் என்று முதல் முறை ஜன்னல் சீட் பிடித்தேன். ஆனால் ரயில் கடலைக் கடப்பது சுரங்கத்தில், அது 50 கிலோமீட்டர். இருபது நிமிடம் கண்ணாடியில் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

மேலே ஒருவர் ரயில் என்கிறார், எனக்கு விமானம்தான் சரி. வீடு ஹவுன்ஸ்லோவில், ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே. செயின்ட் பாங்க்ரஸ் போய்ச் சேரவே ஒரு மணி நேரம் பிடிக்கும். கடைசி நேரத்தில் ரயில் டிக்கெட் விலையைப் பார்த்தால் தலை சுற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அது சரி, சித்தி அன்றைக்கு என்ன சமைத்திருந்தார்?

*

ஆட்டுக்கறி. மூன்றாவது தடவையாகச் சூடாக்கிக்கொண்டே, “ஒரு மணி நேரம் என்றாயே, அது எந்த ஊர் மணி?” என்று கேட்டார்.